குடிநீர் காய்ச்சும் கையும் மனமும்: வீட்டுக் குசினிக்கு ஒரு முழு வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மல்லி அவிந்தால் மணம் இரண்டு மாடி கீழே வரை போகும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, "எனக்கும் ஒருக்கால் காட்டித் தாங்கோ" என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். மருந்துச் சரக்கை அவித்து வற்றவைக்கிற குடிநீரை, அதாவது கசாயத்தைக் காய்ச்சும்போது அவர்கள் தடுக்கிய இடங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சரக்கின் பெயர் தெரியாமல் தடுக்கியவர்கள் குறைவு. பயத்தில், அவசரத்தில், பாசத்தில், "எனக்குத் தெரியும்" என்ற நினைப்பில் தடுக்கியவர்களே கூட.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு கிண்டினால் சட்டிக்குள் கிடக்கும் சரக்கின் குணம் மாறும் என்று நான் நம்பவில்லை. கோபத்தில் அவித்தாலும் மல்லி மல்லிதான். ஆனால் கோபத்தில் அவிக்கிறவர் மல்லியைப் புடைக்க மாட்டார், வேர்க்கொம்பின் தோலைச் சுரண்ட மாட்டார், அடுப்பைக் குறைக்க மாட்டார். மனம் மருந்துக்குள் போவது கை வழியாக. அதனால் இந்த வழிகாட்டியில் மனதுக்குச் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் கை செய்கிற ஒரு வேலை சேர்ந்தே வரும்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது தடிமனுக்கு எல்லா வீட்டிலும் குடிக்கிற மல்லி, வேர்க்கொம்புக் குடிநீர். வேர்க்கொம்பைச் சுக்கு என்று சொல்கிறவர்கள் அப்படியே வாசியுங்கள். பரியாரியார் (நாட்டு வைத்தியர்) எழுதித் தந்த மருந்தைக் காய்ச்சுவதற்கும் இதே ஒழுங்குதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மண்சட்டி அல்லது எவர்சில்வர் சட்டி ஒன்று. சமையல் தராசு. 240 மில்லிலீற்றர் பிடிக்கிற ஒரு கோப்பை. ஒரு நீளமான ஈர்க்கு. துணி வடி. ஒரு கொப்பியும் பேனையும். வருத்தக்காரர் வேறு மருந்து எடுக்கிறவர் என்றால் அவருடைய கிளினிக் கொப்பி.

அலுமினியச் சட்டியும் இரும்புச் சட்டியும் வேண்டாம். துவர்ப்புச் சரக்கு இரும்போடு சேர்ந்தால் கறுத்துப்போகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து முன்பு மையே செய்திருக்கிறார்கள். புளிப்பும் துவர்ப்பும் அலுமினியத்தையும் கரைக்கும். மண்சட்டி வாங்குவதானால் உள்ளே மினுக்குப் பூச்சு இல்லாததாகப் பாருங்கள். சில பூச்சுகளில் ஈயம் இருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இந்தப் பட்டியலில் கைவிடுகிற சாமான் கொப்பிதான். அடுத்த படியே அதில்தான் இருக்கிறது.

2. கடைக்குப் போகுமுன் நாலு வரி எழுதுங்கள்

யாருக்கு, என்ன கஷ்டத்துக்கு, எத்தனை நாள், எதைக் கண்டால் நிறுத்துவேன். இந்த நாலும்தான் நோக்கம். என் கொப்பியில் உள்ள ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "மாமிக்கு. மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும். மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை. காய்ச்சல் வந்தால் நிறுத்தி டொக்டரிடம்."

"மாமிக்கு நல்லாய் வரவேணும்" என்று எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். அது ஆசை. அதை வைத்து வேர்க்கொம்பை நிறுக்க முடியாது, நாலாம் நாள் நிறுத்தவும் முடியாது. எல்லை இல்லாத நல்லெண்ணம் என்ன செய்யும் என்றால், முதல் நாள் மல்லியும் வேர்க்கொம்பும் இருந்த சட்டியில் இரண்டாம் நாள் மிளகு விழும், மூன்றாம் நாள் திப்பிலியும் ஆடாதோடையும் விழும். பிறகு எது இருமலைக் குறைத்தது, எது வயிற்றை எரித்தது என்று யாருக்கும் சொல்ல வராது.

இதை நான் படித்தது என் சொந்தப் பிழையில். அம்மாவுக்கு வறட்டு இருமல். அதிமதுரம் நல்லது என்று தொடங்கினேன், நல்லாய்த்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் சுகமாக இருக்குமே என்று ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு கூட்டினேன். எத்தனை நாள் என்று எங்கும் எழுதவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் போனது. அம்மாவுக்குக் காலில் வீக்கம், பிரஷர் ஏறிவிட்டது. கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் என்ன குடிக்கிறீங்கள்?" அதிமதுரம் அதிகமானால் பிரஷரைக் கூட்டும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். எனக்கு அம்மாவில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அளவைக் கூட்டினதே அந்த அக்கறைதான்.

ஆகவே நாலாவது வரியை, எதைக் கண்டால் நிறுத்துவேன் என்பதை, மற்ற மூன்றுக்கும் மேலாக மதியுங்கள். அதை எழுதத் தெரியவில்லை என்றால் அந்த மருந்தைக் காய்ச்ச இன்னும் நேரம் வரவில்லை.

3. இன்றைக்குக் காய்ச்சலாமா?

எழுதிய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். இந்தப் படி சரக்கு வாங்குவதற்கு முன் வர வேண்டும். சரக்கை வாங்கி வைத்துவிட்டால் "வாங்கியாச்சே" என்ற எண்ணமே பதிலைத் தீர்மானித்துவிடும்.

கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. காய்ச்சலோடு வருகிறவருக்கு நான் குடிநீர் கொடுப்பதில்லை. அதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. குடிநீரின் நிறம் மண்ணிறம். டெங்கு நோயாளி சத்தி எடுக்கும்போது அதில் இரத்தம் இருக்கிறதா என்று டொக்டர் பார்ப்பார். மண்ணிறமும் சிவப்புமான பானங்கள் உள்ளே போயிருந்தால் அது தெரியாமல் போகும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "குடிநீர் குடித்தார், காய்ச்சல் விட்டது" என்று வீட்டார் சந்தோசப்படுகிற அந்த நாளில்தான் வயிற்று நோவும் விடாத சத்தியும் களைப்பும் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

அடுத்தது கிளினிக் கொப்பி. இரத்தத்தை இளக்கும் வாஃபரின் எடுக்கிறவரா? சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவரா? சீனியைக் குறைக்கும் மூலிகையும் சீனியைக் குறைக்கும் குளிசையும் சேர்ந்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கி மயக்கம் வரும். சீனி குறைய என்று கோதல ஹிம்புட்டு மரக் கோப்பையில் ஊறிய தண்ணீர் குடிக்கிறவர்கள் இதை டொக்டரிடம் சொல்வதே இல்லை. சிறுநீரக வருத்தம் உள்ளவருக்குக் காமரங்காய்ச் சாறு கொடுக்கவே கூடாது. இயற்கையானது என்று வெறும் வயிற்றில் அந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள்.

கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய், சின்னப் பிள்ளை, சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தவர்: இவர்களுக்கு உங்கள் யோசனையில் எதையும் காய்ச்ச வேண்டாம். பதிவு பெற்ற வைத்தியரைக் கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றிலும் வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பொரளையில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலையே இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது.

எட்டி, நாபி, சேங்கொட்டை, கார்த்திகைக் கிழங்கு போன்ற நச்சுச் சரக்குகள் வீட்டுக் குசினிக்கு உரியவை அல்ல. அதில் "கவனமாகச் செய்தால்" என்ற பேச்சே இல்லை.

"வேண்டாம்" என்று முடிவெடுத்த நாளும் மருந்து செய்த நாள்தான். புதியவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். வருத்தக்காரருக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு இருப்பது பெரிய கஷ்டம், எனக்கும்தான். அப்படியான நேரத்தில் நான் கஞ்சி வைப்பேன்.

4. உங்களையும் ஒரு தடவை பாருங்கள்

நித்திரைத் தூக்கம், பயம், சண்டை பிடித்த சூடு. இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் பத்து நிமிஷம் பொறுங்கள். மனதின் அசுத்தம் மருந்தில் ஒட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயந்தவர் இரண்டு தடவை போடுவார், தூங்கி வழிகிறவர் போட்டதை மறப்பார், சூட்டில் நிற்கிறவர் அடுப்பைப் பெரிதாக வைப்பார். மூன்றையும் இந்தக் குசினியில் கண்டிருக்கிறேன்.

சோதிக்க எளிய வழி ஒன்று: எழுதிய நாலு வரியைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். தட்டாமல் வந்தால் தொடங்கலாம். வரவில்லை என்றால் முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். நடுச்சாமத்தில் பயந்து எழும்பிக் காய்ச்ச வேண்டிய மருந்து வீட்டில் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் உண்மையிலேயே அவசரம் என்றால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

பயத்தைவிட மோசமானது ஒன்று உண்டு: பெருமை. நாலைந்து பேருக்குச் சுகமான பிறகு அது வரும். "அம்மம்மாவின் கை எனக்கு" என்ற கதை வெளியே வரத் தொடங்கும். தடிமன் தானாகவே ஒரு கிழமை, பத்து நாளில் போகிற வருத்தம் என்பதை அப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

5. சரக்கு வாங்குதல்

புறக்கோட்டையில் ஐந்தாம் குறுக்குத் தெருவும் கபோஸ் லேனும் மருந்துச் சரக்குக்குப் பேர்போனவை. நான் காலையில், கூட்டம் ஏற முன்னரே போய்விடுவேன். நெரிசலில் நிற்கும்போது கடைக்காரர் தந்ததை மணந்து பார்க்க உங்களுக்கும் மனம் வராது, அவருக்கும் பொறுமை இருக்காது.

பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பற்பாடகம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்பனையாகின்றன. என்னிடம் பழகிய தங்கச்சி ஒருத்தி பஸ்பங்குவ என்கிற ஐந்து சரக்குக் குடிநீருக்கு மரமஞ்சள் கேட்டு, கஸ்தூரி மஞ்சளோடு வீட்டுக்கு வந்தாள். மரமஞ்சளைச் சிங்களத்தில் வெனிவெல் என்பார்கள். அது கிழங்கு அல்ல, மஞ்சள் நிறமான கொடித் தண்டு. இரண்டு பெயரையும் சொல்லி, எந்தப் பாகம் என்றும் சொல்லிக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கத்தில் தலையாட்டி வாங்கிய சரக்குத்தான் பிழையாகும். வெனிவெல் காட்டில் வெட்டி வெட்டி அருகிப்போகிற கொடி என்பதால், தேவைக்கு மேல் ஒரு துண்டும் வாங்க வேண்டாம்.

மல்லியை உள்ளங்கையில் தேய்த்தால் மணம் வர வேண்டும். வேர்க்கொம்பு உடைத்தால் நார் தெரிய வேண்டும், பொடிப் பொடியாக உதிர்ந்தால் பூச்சி அரித்தது. கொழும்புக் காற்றில் உப்பும் ஈரமும் கூட. மே மாதத்தில் தென்மேற்கு மழை தொடங்கினால் போத்தலுக்குள் இருக்கிறதும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். மலிவு என்று ஒரு கிலோ வாங்கியவர்கள், பூஞ்சணம் பிடித்த பிறகு "வெயிலில் காயவைத்தால் சரி" என்பார்கள். சரியில்லை. பூஞ்சணம் காய்ந்தாலும் அது விட்ட நஞ்சு போகாது.

பச்சை இலை பறிக்கிறவர்களுக்கு ஒரு சொல். கால்வாய்க் கரையிலும் காலி வீதி ஓரத்திலும் முளைத்ததைப் பறிக்க வேண்டாம். வல்லாரை மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உலோகத்தையும் சேர்த்து உறிஞ்சும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது.

பறிக்குமுன் செடிக்குக் காப்பு நூல் கட்டி, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லி, அனுமதி கேட்கும் வழக்கம் சித்த மரபில் உண்டு. அதை நான் செடிக்காகச் செய்வதில்லை, எனக்காகச் செய்கிறேன். கட்டுவதற்குக் குனிந்தால்தான் இலையின் பின்பக்கம் தெரியும். பூச்சி முட்டையும் பக்கத்தில் சேர்ந்து வளர்ந்த வேறு செடியும் கண்ணில் படும். வேரோடு பிடுங்காமல் தேவையான கொப்பை மட்டும் ஒடிக்கவும் கை பழகும்.

6. சுத்தி (சரக்கைச் சுத்தம் செய்தல்): கை வேலையில் மனம் அடங்கும் இடம்

"கடுக்காய்க்கு அகம் நஞ்சு, சுக்குக்குப் புறம் நஞ்சு" என்பது பழைய சொல். கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட வேண்டும், வேர்க்கொம்பின் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும். மல்லியைச் சுளகில் புடைத்து, கல்லும் காம்பும் பொறுக்கி, ஒரு தடவை கழுவுங்கள்.

தியானம் செய்துவிட்டு மருந்து காய்ச்ச வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் வேர்க்கொம்பையும் சின்னக் கத்தியையும்தான் கொடுப்பேன். ஒரு துண்டை ஒழுங்காகச் சுரண்ட ஐந்தாறு நிமிஷம் பிடிக்கும். மடிப்பு மடிப்பாக இருப்பதால் வேறு எதையாவது யோசித்தால் விரலில் கத்தி படும். கண்ணை மூடி இருந்தாலும் கிடைக்காத அமைதி அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கிடைக்கிறது. தோல் சுரண்டின வேர்க்கொம்பு இப்போது கடையிலேயே கிடைக்கிறது. நான் வாங்குவதில்லை, காரணம் இதுதான்.

பிறகு நிறுத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு மல்லி 10 கிராம், வேர்க்கொம்பு 5 கிராம். கையால் அள்ளிப் போடுகிற பாட்டிமாரைக் கண்டு அதையே செய்யாதீர்கள். அவர்களுடைய கைக்கு ஐம்பது வருஷப் பழக்கம். நிறுத்ததை ஒன்றிரண்டாக இடியுங்கள். மாவாக இடித்தால் அடியில் பிடிக்கும், வடியிலும் அடைக்கும்.

7. பிரார்த்தனை எங்கே வர வேண்டும்

சரக்கை நிறுத்து முடித்த பிறகு, அடுப்பைப் பற்றவைக்குமுன். அந்த இடத்தில் மட்டும்.

இதை நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறது. மிகவும் பக்தியான பிள்ளை ஒன்று பழக வந்தது. குளித்து, விளக்கேற்றி, சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, கண்ணை மூடி நூற்றெட்டுத் தடவை நாமம் சொன்னது. எண்பதாவது தடவையில் அடிப்பிடித்த மணம் வந்தது. எழும்பினால் எண்ணிக்கை குழம்பும் என்று பிள்ளை எழும்பவில்லை. சட்டி கரியாகிவிட்டது. சாமி அவளைப் பிழை சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அன்றைக்கு அவளுடைய அப்பாவுக்குக் குடிநீர் கிடைக்கவில்லை.

பதிகமோ, செபமோ, பிஸ்மில்லாவோ, உங்கள் வாயில் எது இயல்பாக வருமோ அதைச் சொல்லுங்கள். ஒன்றும் நம்பாதவர் அந்த நாலு வரியை இன்னொரு தடவை வாசிக்கலாம். ஒரு நிமிஷம் போதும். எங்கள் கொழும்பில் ஒரே தொடர்மாடியில் மூன்று சமயமும் இருக்கும், மூன்று வீட்டுக் குடிநீரும் ஒரே மாதிரித்தான் கசக்கும்.

சொல்லும்போது வருத்தக்காரரின் முகத்தை நினையுங்கள். "இவர் சுகப்பட வேண்டும்" என்பதோடு "நான் பிழை விட்டால் எனக்குத் தெரியவர வேண்டும்" என்பதையும் சேர்த்துக்கொள்வேன். இரண்டாவது இல்லாத பிரார்த்தனை ஆளைக் குருடாக்கும். மந்திரம் சொல்லியாகிவிட்டதே, இனி எப்படிப் பிழை வரும் என்று அளவைப் பார்க்காமல் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

8. காய்ச்சுதல்

கைத்தொலைபேசியைச் சத்தம் நிறுத்தி அறையில் வையுங்கள். விளக்கேற்ற மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நான் பார்த்த கருகின சட்டிகளில் பாதிக்கு மேல் தொலைபேசியால் கருகினவை.

இடித்த சரக்கையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் சட்டியில் விட்டு, ஈர்க்கை நேராக நிறுத்தி, தண்ணீர் நிற்கிற இடத்தில் நகத்தால் கீறிவிடுங்கள். பிறகு இன்னும் மூன்று கோப்பை விடுங்கள். நாலு கோப்பை ஒன்றாக வற்ற வேண்டும். இடையிடையே ஈர்க்கை விட்டுப் பார்த்தால் கீறலுக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும். "வற்றியிருக்கும்" என்று கண்ணால் மதிக்கிறபோதுதான் ஆசை உள்ளே வரும். பசியோடு நிற்கிறவருக்கு இரண்டு கோப்பையும் ஒன்றாகத் தெரியும்.

வைத்தியர் எழுதித் தருகிற கசாயத்துக்கு அளவு வேறு. இலங்கை வழக்கில் பொதுவாக 60 கிராம் சரக்கு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக, அதாவது 1920 மில்லிலீற்றர் 240ஆக வற்ற வேண்டும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அளவு. இதில் உங்கள் அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

கொதி வந்ததும் அடுப்பைக் குறையுங்கள். சின்ன நெருப்பில் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை பிடிக்கும். மூடியை முழுக்க மூடினால் வற்றாது, பொங்கியும் வழியும். ஓரமாகச் சாய்த்து வைத்தால் போதும். காஸ் விலையை நினைத்துப் பெரிய நெருப்பில் வைக்கிறவர்கள் உண்டு; தண்ணீர் வேகமாக வற்றும், சரக்கின் சாரம் இறங்க நேரம் கிடைக்காது.

இந்த ஒரு மணி நேரம் என்ன செய்வது? குசினியை விட்டுப் போகாமல் வேறு கை வேலை செய்யுங்கள். வெங்காயம் உரியுங்கள். பக்கத்தில் இருந்து சட்டியின் சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் கூட இருக்கும்போது சத்தம் தடிப்பாக இருக்கும், வற்ற வற்ற மெல்லிசாகும். மூன்றாம் தடவையிலேயே காது பழகிவிடும்.

கீறலுக்குக் கீழே போய்விட்டதா? கொஞ்சம் போயிருந்தால் வடித்து, குறைவாகவே கொடுங்கள். அடிப்பிடித்திருந்தால் கொட்டிவிடுங்கள். இதுதான் நான் மிக அதிகமாகக் காணும் பிழை: தண்ணீர் விட்டு இன்னொரு கொதி விட்டுச் சமாளிப்பது. சரக்கு வீணாகக் கூடாது என்கிற எண்ணம் அந்த நேரத்தில் வருத்தக்காரரைவிடப் பெரிதாகிவிடுகிறது. மல்லி பத்துக் கிராம்தான், போகட்டும்.

9. கொடுக்கும்போது சொல்லும் சொல்

வடித்து, வாயில் பிடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஆளுக்கு அரைக் கோப்பை. பனங்கட்டி கடிக்கக் கொடுக்கலாம், சீனி வருத்தக்காரருக்கு அதுவும் வேண்டாம். சித்த மருத்துவத்தில் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். பிரிட்ஜில் வைத்து நாளைக்குச் சூடாக்குகிற வேலை வேண்டாம். ஒருவருக்கு மட்டும் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக் காய்ச்சுங்கள்.

மனதின் வேலை நேராகத் தெரிகிற இடம் இது. வருத்தக்காரர் எதை எதிர்பார்க்கிறாரோ அது அவருடைய நோவிலும் ஓங்காளத்திலும் தெரியும். மருத்துவ ஆராய்ச்சியில் இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நம்பிக்கையோடு குடித்தால் நோவு குறைந்ததாகத் தெரியும், பயத்தோடு குடித்தால் இல்லாத ஓங்காளமும் வரும். ஆனால் எதிர்பார்ப்பு கிருமியைக் கொல்லாது, கட்டியைக் கரைக்காது.

"இதையும் சத்தி எடுத்துப்போடாதே" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை சத்தி எடுக்கும். கீழ் வீட்டில் என் கண் முன்னால் நடந்தது. "மாமி, கொஞ்சம் கசக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆறுதலாகக் குடியுங்கோ" என்று சொன்னால் போதும். இதில் பொய் ஒன்றும் இல்லை. "குடிச்சால் எல்லாம் பறந்துபோகும்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். போகாவிட்டால் அவர் உங்களிடம் மறைப்பார், உங்களைச் சந்தோசப்படுத்த "சுகம்" என்பார். அந்தச் "சுகம்" டொக்டரிடம் போகிற நாளைத் தள்ளிவிடும்.

கொடுத்துவிட்டு ஓடாமல் குடித்து முடியும் வரை பக்கத்தில் இருங்கள். அவர் கதைக்கட்டும். தனியாக இருக்கிற முதியவர்களுக்குக் குடிநீரைவிட அந்தப் பத்து நிமிஷம்தான் பிடிக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குடிநீர் போதாதென்று இன்னொரு நாள் கேட்பார்கள். அப்போது தேத்தண்ணியோடு போங்கள், மருந்து நாளைக் கூட்ட வேண்டாம்.

டொக்டரிடம் போகும்போது என்ன குடித்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைக்கிறவர்கள் கூட. ஏசினாலும் பரவாயில்லை.

10. சட்டியைக் கழுவிவிட்டு

சவர்க்காரம் போடாமல் மண்சட்டியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, கவிழ்க்காமல் காற்றுப் படக் காயவையுங்கள். மண் சவர்க்காரத்தைக் குடித்து அடுத்த தடவை திருப்பித் தரும்.

அப்புறம் கொப்பி. அன்றைய திகதி, போட்ட அளவு, எவ்வளவு வற்றியது, எத்தனை மணிக்குக் குடித்தார், அடுத்த நாள் காலையில் எப்படி இருந்தார். "எப்படி இருந்தார்" என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் சொல்லில் எழுதினால் எல்லா நாளும் "கொஞ்சம் சுகம்" என்றுதான் வரும். என் பழைய கொப்பி முழுக்க அப்படித்தான் இருக்கிறது, இப்போது வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு இரண்டாம் படியில் எழுதிய வரிகளை எடுத்துப் பாருங்கள். மூன்று நாள் என்று எழுதியிருந்தால், சுகமானாலும் ஆகாவிட்டாலும் அடுத்த நாள் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. சுகமில்லை என்றால் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

வடித்த சக்கையைக் கழிவுத் தொட்டியில் போடாமல் பல்கனிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாம். அவிந்த மல்லி முளைக்காது. அதைக் கேட்டு மூன்று பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.